எரிசாராயம் கலந்த பெட்ரோல்: எந்த வண்டிக்கு, எத்தனை விழுக்காடு?



பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், நம் ஆசிரியர்களின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வலம்வரத் தொடங்கிவிடும். “தாய்லாந்து எண்ணெயை மகிழுந்தில் ஊற்றாதீர்கள். அதில் சாராயம் கலந்திருக்கிறது. இயந்திரம் வெந்துவிடும்!” என்பது அதன் சாரம். அடுத்த நொடியே வேறொருவர் மறுப்பார்: “ஒன்றும் ஆகாது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும். டர்போ வண்டிக்கு இன்னும் நல்லது.” இருதரப்பாருக்கும் கைதட்டல் விழும். வண்டி எந்த ஆண்டு வண்டி, கலப்பு எத்தனை விழுக்காடு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு விழுக்காடு கற்பிக்கும் நாமே இப்படி இருக்கலாமா?

நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டீசலில்தான் செம்பனை எண்ணெய்க் கலப்பு உண்டு. எனவே எல்லை தாண்டும்போதுதான் நம்மவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். தாய்லாந்தில் ‘காசஹால்’ என்று விற்கப்படுவது எத்தனால் கலந்த பெட்ரோல். காசஹால் 91, காசஹால் 95 இரண்டிலும் 10 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. இ20 என்பதில் 20 விழுக்காடு. கலப்பில்லாத ‘பென்சின் 95’ விலை கூடுதல். கரும்புப் பாகுக் கழிவிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் அவர்கள் இந்த எரிசாராயத்தைக் காய்ச்சுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மட்டுமே. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், மொத்த ஆற்றலில் 6 முதல் 7 விழுக்காடு குறையும். ஒரு தொட்டி எண்ணெயில் 500 கிலோமீட்டர் ஓடிய வண்டி 30 கிலோமீட்டருக்கு மேல் குறைவாக ஓடும். இ10இல் இழப்பு இதில் பாதி. “ஒன்றும் ஆகாது” என்பவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து பார்த்ததே இல்லை.

அடுத்தது இயந்திரம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இன்றைய மகிழுந்துகளில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி இதைக் கண்டறிந்து, கணினி வழியாக அளவைத் திருத்திக்கொள்கிறது. பழைய கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. அதன் துளை எவ்வளவோ அவ்வளவுதான் பாயும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த முதல் கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகளே. இவற்றில் இ20 ஊற்றினால் கலவை மெலிந்துபோகும். காலையில் கிளப்புவது கடினமாகும், மேட்டில் திணறும், இயந்திரச் சூடும் ஏறும்.

அதைவிடத் தொல்லை தருவது எத்தனாலின் குணம். அது நல்ல கரைப்பான். எத்தனாலை எண்ணிச் செய்யப்படாத பழைய இரப்பர்க் குழாய்கள், வளையங்கள், கார்க் அடைப்புகள் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். தொட்டியின் அடியில் பல்லாண்டாகப் படிந்த கசடு பெயர்ந்து வடிகட்டியை அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். தாத்தாவின் வண்டி மாதத்திற்கு ஒருமுறைதான் வெளியே வருகிறது என்றால், நம் ஊர் ஈரக்காற்றில், அந்தத் தொட்டிக்குள் நீர் சேரும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். அடியிலிருந்துதானே குழாய் உறிஞ்சுகிறது!

டர்போ வண்டிகளின் கதை வேறு. எத்தனாலின் ஆக்டேன் எண் 108க்குமேல் என்பது உண்மை. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட மிகுதியாக வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கிறது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவில் ‘நாக்கிங்’ என்னும் தட்டொலிதான் பெரும்பகை. அதை எத்தனால் தணிக்கும். ஆகவே டர்போவுக்கு நல்லது என்பவர் முழுப்பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். வண்டி கேட்பது விற்கும் எண்ணெயின் இறுதி ஆக்டேன். காசஹால் 91இல் எத்தனால் இருந்தும் அது 91தான். 95 கேட்கும் எக்ஸ்50க்கு அது ஆகாது. மேலும், முழு வேகத்தில் டர்போவின் இன்ஜெக்டரும் பம்பும் ஏற்கெனவே கடுமையாக உழைக்கின்றன. கலப்பு கூடக்கூட அவை இன்னும் அதிக எண்ணெயைப் பாய்ச்ச வேண்டும். உற்பத்தியாளர் இ10 வரை என்று எழுதியிருந்தால், இ20 ஊற்றுவது நம் பொறுப்பில் நாம் செய்யும் சோதனை. பழுதானால் உத்தரவாதமும் கைகொடுக்காமல் போகலாம்.

நான் எத்தனாலுக்கு எதிரி அல்லன். கரும்பு உழவனுக்கு வருமானம் வந்தால் மகிழ்ச்சியே. பிரேசில் 1975இல் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2025 ஆகஸ்டில் 30 விழுக்காட்டுக்கு வந்திருக்கிறது. அதற்கேற்ற வண்டிகளையும் உடன்செய்தார்கள். என் சினம் எல்லாம், கலப்பைக் கூட்டிவிட்டுப் பழைய வண்டிக்காரனுக்கு மாற்றுவழியை அடைப்பதன்மீதுதான்.

இந்தியாவைப் பாருங்கள். நம்மில் பலருக்கு அங்கே உறவினர்கள் உண்டு. 2030க்கு என்றிருந்த 20 விழுக்காட்டு இலக்கை 2025க்கு முன்னிழுத்தார்கள், எட்டியும் விட்டார்கள். நிதி ஆயோக் வெளியிட்ட 2021ஆம் ஆண்டு அறிக்கையே, பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று எழுதியது. பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும், விலையிலும் ஈடு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பரிந்துரையைப் பரணில் போட்டுவிட்டார்கள். கலப்பில்லாத பெட்ரோலையும் தேர்வாக வைக்கக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்தும் 2021 செப்டம்பரில் இ10க்கு மாறியது. ஆனால் உயர்தரப் பம்பில் இ5ஐ விட்டுவைத்தது, தன் வண்டிக்கு எது ஏற்றது என்று எவரும் பார்த்துக்கொள்ள இணையத்தில் வசதியும் செய்தது. எல்லாருக்கும் மலிவாக அல்ல என்றாலும், கதவைச் சாத்தவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர் யார்? அதை ஆசைக்காக வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருசிலர்தான். மற்றவர்கள் நம் பள்ளி வாயிலில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை இறக்கிவிடும் தந்தையரும் தாயரும். புதிய வண்டிக்குத் தவணை கட்ட முடியாததால்தான் பழைய கஞ்சிலைத் தைத்துத் தைத்து ஓட்டுகிறார்கள். குழாய் வெடித்தால் பட்டறைச் செலவும் அவர்களுடையது, அன்றைய வேலையும் போயிற்று. நாளை நம் நாட்டிலும் பெட்ரோலில் எத்தனால் கலக்க முனைவார்களேயானால், ஒவ்வொரு பம்பிலும் விழுக்காடு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், கட்டுப்படியாகும் விலையில் கலப்பற்ற எண்ணெய் ஒன்றும் இருக்க வேண்டும். இதை இப்போதே கேட்டு வைப்போம்.

விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் எண்ணெய்த் தொட்டி மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். இ10 என்றிருந்தால் காசஹால் 95 போதும். இ20ஐக் கையேடு வெளிப்படையாக ஏற்றாலன்றி மலிவு கருதித் தொடாதீர்கள். கார்புரேட்டர் வண்டிக்குப் பென்சின் 95 தேடுங்கள், அது எல்லா நிலையத்திலும் கிடைக்காது. கிராபி, பூக்கெட் போகிறவர்களுக்குத்தான் இவ்வளவும். ஹாட்யாய் எல்லையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். சங்லூனில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் போய்வரப் போதும்.