மோட்டார்ப் பகுதி: ஒழுகும் நீரின் ஊற்றுக்கண்

சங்கத்து அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசடர் வண்டியை விற்றுவிடலாமா என்று வினவி எழுதியிருக்கிறார். இருபது கிலோமீட்டர் செல்வதற்குள் எந்திரம் கொதிக்கிறதாம். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்கிறதாம். பேரக் குழந்தைகளை ஏற்றிச்செல்ல அச்சமாயிருக்கிறது என்கிறார். விற்பதும் வைத்துக்கொள்வதும் அவர் விருப்பம். ஆயினும், நீர் எங்கே ஒழுகுகிறது என்பதை அறியாமல் அம்முடிவுக்கு வரலாகாது.

2014-ஆம் ஆண்டு மே மாதம்வரை, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் உருவான வண்டி இது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றியது. இதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எந்திரம் வார்ப்பிரும்பாலானது. ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் சேர்த்துப் பற்றவைத்தது. பொறுமையுள்ளவர் எவரும் பழுதைக் கண்டறியலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். அம்மூடி வெறும் அடைப்பன்று. உள்ளே அழுத்தத்தைக் காப்பது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தில் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடு. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்க, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். மேல் குழாய் கைக்குச் சுடாத நிலை வரவேண்டும். பின்னர் கனத்த துணியை வைத்து, மெல்லத் திருகித் திறவுங்கள். சூடான எந்திரத்தில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிப்புறும் என்பதையும் மறவாதீர்.

வழியில் ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைப் போடுவது நம் நாட்டில் கண்கூடு. சிறு துளையை அது சிறிது நேரம் அடைக்கும், ஊர் வந்துசேரலாம். ஆனால் அதே தூள் மெல்லிய குழல்களிலும் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கும். வீடு வந்ததும் கழுவி வெளியேற்றாவிடில், மருந்தே நோயாகிவிடும்.

இனிச் சோதனை முறை. இரவு வண்டியின் கீழே பழைய அட்டையை விரித்துவைத்து, காலையில் ஈரம் படிந்த இடத்தைப் பாருங்கள். ரப்பர்க் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். உப்பியோ, வெடித்தோ, கொழகொழத்தோ இருந்தால் புதியன மாற்றுங்கள். கிளிப்புகளை முறுக்குங்கள், மிகையாக முறுக்கினால் ரப்பர் அறுபடும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே நீர் சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். துளையை அடைப்பது பேதைமை, பம்பையே பழுதுபார்க்கவேண்டும்.

எந்திரத்தின் பக்கவாட்டில் வட்டத் தகடடைப்புகள் உள்ளன. கோர் பிளக் என்பார்கள். இவை உள்ளிருந்தே துருப்பிடிப்பன. இவற்றை நான் அறியாதிருந்தமையால் ஒருமுறை புது ரேடியேட்டருக்குப் பணத்தை இறைத்தேன். அதன் பின்னும் வண்டி கொதித்தது. ஒழுகியதோ ஒரு சிறு தகடு. சூட்டில் அந்நீர் உலர்ந்துபோனதால் தரையில் சுவடே இல்லை. தகட்டைப் பெயர்த்தெடுத்து, இருக்கையைச் சுத்தம் செய்து, புதியதைப் பொருத்தியதும் தொல்லை தீர்ந்தது. ஆகவே பணிமனைக்குச் சென்றால், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும்படி முதலில் கேளுங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு. எந்திரம் குளிர்ந்திருக்கும்போதே அதைத் தேடிப் பிடிக்கலாம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் நீர் குறைகிறதா? புகைபோக்கியில் ஓயாத வெண்புகையா? எண்ணெய் பால்கலந்த காப்பியின் நிறமடைந்ததா? அவ்வாறாயின் ஹெட் காஸ்கெட்டையே ஐயுறவேண்டும். அதை மாற்றுகையில், ஹெட்டின் அடிப்பரப்பு கோணியிருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. மரைகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, உரிய வரிசைப்படி, சிறிது சிறிதாக முறுக்கவேண்டும். இது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

பழுது தீர்ந்தபின் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படியும். வாலைவடி நீருடன், பழைய செம்பு ரேடியேட்டருக்கு ஏற்ற கூலண்டைச் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். சமவெளியில் உறைபனி இல்லையே என்று எண்ணவேண்டா. துருவைத் தடுப்பதே இங்கு அதன் முதற்பணி. கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிந்தியதை உடனே துடைத்து, மீந்ததைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

அன்பருக்கு என் விடை இதுவே: முதலில் அட்டையை விரியுங்கள், பிறகு அழுத்தச் சோதனை செய்யுங்கள். பழுது ஒரு குழாயிலோ தகட்டிலோ இருக்குமானால், அதற்காகத் தந்தையாரின் வண்டியை விலைபேச வேண்டியதில்லை. அது சீராகும்வரை பேரப்பிள்ளைகள் மட்டும் அதில் ஏறாதிருக்கட்டும்.