விழுந்த பலாவும் ஒரு சிறுமேசையும்

மரச்சாமான் என்றாலே தேக்கு என்று எண்ணுவது புதுக்கோட்டைச் சீமையின் பழைய நோய். திருமயம் வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு வேறு மரம் மரமாகவே தெரிவதில்லை. அதே வீடுகளில் கணக்கப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பேரேடு எழுதிய தாழ்வான சிறுமேசைகளை எவரும் பெரிதாகப் பேசக் காணோம். தூணைவிட அந்த மேசையே இன்று நமக்கு உதவும், அதற்குப் பலாவே போதும் என்பது என் கட்சி.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி மேற்கே நகர்ந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையோடு பலாவும் வேரோடு சாய்ந்தது. தாத்தா நட்டுப் பேரன் பழம் பறித்த மரங்கள் அவை. வாங்க ஆளின்றி எத்தனையோ மரங்கள் விறகு விலைக்குப் போயின. புயல் ஒரே இரவில் சாய்த்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிற ஒரு மரத்தைச் சூளைக்கு அனுப்பியதற்குப் புயலைக் குற்றம் சொல்ல இயலாது. நீளமான, நேரான பலகை கிடைத்தால்தான் மரம் என்று நாம் பழகிவிட்டோம். பலாக்கிளையோ கோணலானது, இரண்டடிக்கு மேல் நேராகக் கிடைப்பது அரிது.

ஆனால் சிறுமேசைக்கு இரண்டடியே போதுமே! இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், பத்தங்குல உயரம். தரையில் அமர்ந்து எழுதலாம். காப்பித் தம்ளர்களை அடுக்கித் திண்ணைக்குத் தூக்கிச் செல்லலாம். புயலில் விழுந்த கட்டை கொல்லைக் கொட்டகையில் நனையாமல் கிடந்திருந்தால் இதற்குள் நன்றாக உலர்ந்திருக்கும். மேலிருக்கும் வெள்ளைப் பகுதி உளுத்திருக்கலாம். கவலையில்லை, செதுக்கி எறியுங்கள். உள்ளே மஞ்சளாக நிற்கும் வைரத்தைக் கறையான் எளிதில் தொடுவதில்லை.

செய்முறையில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரம் அறுத்த பிறகும் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகலவாக்கில் ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. இதை அறியாமல் நடுப்பலகையை நான்கு சட்டங்களோடும் பசையிட்டு, திருகாணி வைத்து இறுக்கினால், மழைக்காலத்தில் மூலை பிளக்கும். இல்லையேல் கோடையில் பலகை வெடிக்கும். தப்ப வழி எளியது. மூன்றரை அங்குல உயரமுள்ள சட்டங்களின் உட்புறத்தில், நடுவே ஒரு காடி எடுத்துப் பலகையை அதற்குள் செருகிவிட வேண்டும். நீளப் பக்கக் காடிகளில் அரைக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். குறுக்குச் சட்டங்களின் மையத்தில் மட்டும் ஒரு துளி பசை. பலகை இரு பக்கமும் தன் விருப்பம்போல் மூச்சுவிட்டுக்கொள்ளும். காடிக்கு மேலே நிற்பது தட்டின் விளிம்பாகிறது, கீழே நிற்பது கால்களைப் பிடிக்கிறது. ஒரே சட்டம், இரண்டு வேலை! (கால்களைச் சட்டத்தில் மட்டும் பொருத்துங்கள், பலகையில் ஆணி அடிக்காதீர்கள்.)

கடையில் மலிவாகக் கிடைக்கும் மேசை இருக்க இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அது பெரும்பாலும் மரத்தூளையும் நாரையும் பிசினில் அழுத்திய பலகை. தண்ணீர் புகுந்தால் உப்பிப்போகும், இழைத்துச் சீர்செய்யவும் முடியாது. காசு கணக்குப் பார்த்தால் வீட்டில் செய்வது லாபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாவது போய்விடும்.

எல்லாவற்றையும் தாமே செய்தேன் என்று மார்தட்டும் பொழுதுபோக்குத் தச்சர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கட்டையை மில்லில் அறுத்து வாங்குங்கள். காடி எடுக்க ஊர் ஆசாரியிடம் போங்கள், உரிய கூலி கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். இழைப்புளியை மரத்தின் நாரோட்டத்துக்கு எதிராகத் தள்ளினால் செதில் பெயர்வது ஏன் என்பது அங்கே ஐந்து நிமிடத்தில் விளங்கும். உப்புத்தாள் தேய்ப்பதையும் பூட்டுவதையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. அந்த மஞ்சள் நிறம் நிலைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். வெளிச்சம் படப்பட மேசை செம்பழுப்பாகும். எப்போதும் ஒரே இடத்தில் புத்தகத்தை வைத்திருப்பவர்கள், அதை எடுத்துப் பார்த்தால் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு சதுரத்தைக் காண்பார்கள்.