கடலேறிய பொறியும் கரையில் நின்ற மொழியும்

கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலர் 'கேட்டமரன்' எனத் திரித்துத் தம் அகரமுதலியில் ஏற்றிக்கொண்டனர். ஈருடற் படகுகளுக்கெல்லாம் அப்பெயரையே இட்டு உலகெங்கும் வழங்குகின்றனர். அச்சொல்லை ஈந்த பரதவனோ, தன் படகின் பின்தலையில் பூட்டியுள்ள வெளியிணைப்புப் பொறியின் உறுப்புகளைத் தன் தாய்மொழியிற் பெயர் சொல்லி அழைக்க வகையின்றி நிற்கின்றான். இந்நிலை தானாக நேர்ந்ததன்று, நேர விடப்பட்டது.

கடற்கரை மக்கள் சொல்வளம் அற்றவர்களா? படகின் முன்தலை அவர்களுக்கு அணியம், பின்தலை அமரம். கடலின் ஓட்டம் நீவாடு. காற்று வரும் புலம் நோக்கி வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என வேறுவேறு பெயர் வைத்தனர். இவற்றை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தொழில் அவர்கள் கையில் இருந்தது. சொல் அவர்கள் வாயில் பிறந்தது. பொறி வந்தபோதுதான் இவ்வியல்பு முறிந்தது. அமெரிக்க நாட்டில் ஓலெ எவின்ரூடு என்பார் 1909-ஆம் ஆண்டளவில் விற்பனைக்கெனச் செய்யத் தொடங்கிய இவ்வகைப் பொறி, 1980-களிலிருந்து தமிழகக் கரைகளில் பரவலாயிற்று. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாரிழைப் படகுகள் மிகவே, பொறிகளும் மிகுந்தன. அவற்றோடு 'கியர்', 'நியூட்ரல்', 'ரிவர்ஸ்', 'கேபிள்' என்னும் ஒலிகளும் வந்திறங்கின. ஒலிகள் படகில் ஏறின. பொருளோ ஆங்கிலக் கையேட்டினுள்ளேயே தங்கிவிட்டது.

'கியர் விழவில்லை' என்னும் முறையீட்டையே எடுத்துக்கொள்க. விழாதது எது? எங்கே? எதன்மேல்? அச்சொல் இவற்றுள் ஒன்றையும் உரைப்பதில்லை.

பொறியின் அடிப்பெட்டியுள் நடப்பது இது. மேலிருந்து இறங்கும் சுழல்தண்டின் நுனியில் ஒரு சிறு பல்லிணை உண்டு. அது, கிடையாக உள்ள விசிறித்தண்டின்மேல் எதிரெதிரே அமர்ந்த இரண்டு பெரிய பல்லிணைகளைச் சுழற்றுகின்றது. பொறி ஓடும் வரை இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எதிராக ஓயாமல் சுழலும்; எனினும், தாமாகத் தண்டைச் சுழற்றமாட்டா. இரண்டிற்கும் நடுவே, தண்டோடு சேர்ந்து சுழல்வதும் அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதுமான ஓர் உறுப்பு உள்ளது. ஆங்கிலர் இதற்கு நாயின் பெயரை இட்டுள்ளனர். பற்றினால் விடாது என்று கருதினர் போலும். தமிழில் இதனைக் கவ்வி எனலாம். மாற்றுக்கோலை நாம் தள்ளும்போது கவ்வி ஒரு பல்லிணையைச் சென்று கவ்வுகின்றது, படகு முன்செல்கின்றது. மற்றதைக் கவ்வினால் பின்செல்கின்றது. இரண்டையும் விட்டு நடுவே நின்றால் அதுவே நடுநிலை.

இவ்வளவுதான் செய்தி. இதனை நான்கு எழுத்துப் படித்த எந்தப் பரதவனும் ஐந்து மணித்துளியில் அறிந்துகொள்வான். அறிந்தபின் பழுதைத் தேடும் வழி தானே புலப்படும். கவ்வாமைக்கு ஏது இரண்டே: கவ்வியை நகர்த்தும் கோலோ கம்பியோ அதனை முழுத் தொலைவு நகர்த்தவில்லை, அன்றேல் கவ்வியின் பற்கள் மழுங்கிவிட்டன. முன்னது சில முறுக்காணிகளைத் திருத்துவதோடு தீரும். பின்னதற்கு அடிப்பெட்டியையே பிரிக்க வேண்டும். எது என்று தெரியாதவன் எளிய பழுதிற்கும் பெரிய விலை கொடுப்பான்.

தெரிந்துகொள்ள வழியும் எளிதே. பொறியை நிறுத்தித் தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். விசிறியைக் கையால் சுழற்றும்போது பொறி தற்செயலாகத் தொடங்கினால் விரல்கள் போய்விடும். நடுநிலையில் விசிறி தடையின்றிச் சுழல வேண்டும். முன்செலவில் இட்டால் ஒரு பக்கமேனும் அது கவ்வி நிற்க வேண்டும், பின்செலவிலும் அவ்வாறே. மாற்றுக்கோல் இறுகிக் கிடந்தால் இழுகம்பியைப் பொறியின் பக்கத்தில் கழற்றிவிட்டு, விசிறியை மெல்லச் சுழற்றிக்கொண்டே பொறியின் மாற்றுக்கையைத் தனியே நகர்த்திப் பார்க்க வேண்டும். எளிதாக நகர்ந்தால் குற்றம் இழுகம்பியினது. பெரும்பாலும் உப்பும் துருவும் அதன் உறையுள் ஏறியிருக்கும். அப்போதும் இறுக்கமாயின் குற்றம் கீழே உள்ளது. இழுகம்பி இல்லாமல் கோலாலேயே இயங்கும் மிகச் சிறிய பொறிகளில், அக்கோல் வளைந்துள்ளதா, அதன் இணைப்பு முளை கழன்றுவிட்டதா என்று பார்த்தாலே போதும்.

பொறி ஓடாதபோது மாற்றுக்கோலை வலிந்து தள்ளுவதே கோல் வளைவதற்கு ஒரு கரணியம். கவ்வியின் பல்லும் பல்லிணையின் பல்லும் நேருக்குநேர் முட்டி நிற்கையில் தள்ளினால் வேறென்ன நேரும்? விசிறியைச் சற்றுச் சுழற்றினால் பல் இடைவெளியில் இறங்கிவிடும். ஓடும் பொறியிலோ முறை வேறு. விரைவை முற்றத் தணித்துவிட்டு, மாற்றுக்கோலை ஒரே மூச்சில் உறுதியாகத் தள்ள வேண்டும். மெல்லத் தள்ளுவது பொறிக்கு இரக்கம் காட்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கொடுமை. சுழலும் பல்லிணையின் விளிம்பும் அரைகுறையாக நீண்ட கவ்வியின் விளிம்பும் உராய்ந்து உராய்ந்து மழுங்குகின்றன. பின்னர்ச் சுமையேறும்போது கவ்வி நழுவிக் 'கடக்' என ஒலித்து வெளியே வந்துவிடும். கவ்வி என்னும் பெயரை அறிந்தவன் மெல்லத் தள்ளுவானா? கவ்வுவதை மெல்லச் செய்யும் விலங்கு உண்டா?

கவ்வி பிடித்தும் படகு நகரவில்லையெனில், அடிப்பெட்டியில் கை வைக்கும்முன் விசிறியைப் பார்க்க வேண்டும். சிறு பொறிகள் சிலவற்றில் விசிறியைத் தண்டோடு பிணைப்பது ஒரு மெல்லிய முளை. வலையோ பாரோ விசிறியில் மோதினால், பல்லிணையைக் காப்பதற்காகத் தான் அறுபடுமாறே அது செய்யப்பட்டுள்ளது. அறுமுளை என்று அதற்குப் பெயரிட்டால், மாற்று முளை ஒன்றைப் படகில் வைத்திருக்க வேண்டும் என்று தனியே அறிவுரை கூறவும் வேண்டா.

அடிப்பெட்டியின் உயவெண்ணெயும் பழுதைப் பேசும். கீழ்த்துளையைத் திறந்து பார்க்கையில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் உட்புகுந்துவிட்டது என்பது பொருள். விசிறித்தண்டில் சுற்றிய தூண்டில் இழை நீர்த்தடை வளையத்தை அறுத்திருத்தல் கூடும். மாழைத் துணுக்குகள் மிதந்தால் பல் உடைந்துள்ளது. புது எண்ணெயை மேலிருந்து ஊற்றாமல் கீழ்த்துளை வழியே ஏற்ற வேண்டும். மேல்துளையில் எண்ணெய் வழிந்த பின்னரே முதலில் மேலதையும் பிறகு கீழதையும் அடைக்க வேண்டும். இல்லையேல் உள்ளே காற்று தங்கும்.

'மீனவனே கியர் என்கின்றான். நீங்கள் ஏன் பல்லிணை, கவ்வி என்று புதுச்சொல் புனைந்து அவனை வருத்துகின்றீர்கள்?' என்று வினவும் அறிஞர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கரையில் நின்று வினவுகின்றனர். மீனவன் கியர் என்று சொல்வது அவன் தேர்ந்து கொண்டதன்று. வேறு சொல்லை அவனுக்கு எவரும் கொடுக்கவில்லை. மேலும், அவன் வாய்ச்சொல்லைப் பிடுங்குவது எவர் நோக்கமும் அன்று. படகில் அவன் எப்படி அழைத்தாலும் அழைக்கட்டும். அவன் கையில் தரும் நூல், உறுப்பின் வேலையைப் பெயரிலேயே சொல்லும் தமிழில் இருக்க வேண்டும் என்பதே வேண்டுகை.

இதிற் சொல்லாராய்ச்சி மட்டும் இல்லை, உயிர் உள்ளது. கரையேறும் படகைக் குமுறலையில் நிறுத்தவும் திருப்பவும் பின்செலவு வேண்டும். அது கிட்டாத நேரத்தில் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்கின்றது. 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் நீரின்மேல் கோடு கிழிக்கப்பட்ட பாக்கு நீரிணையிலோ, விசிறி சுழலாத படகை நீவாடு எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கம் அது போகும். கோட்டின் அப்பால் காத்திருக்கும் சிறீலங்கா கடற்படையிடம், இழுகம்பியின் முறுக்காணி தளர்ந்தது என்று விளக்கம் கூறிப் பயனில்லை.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இந்நாட்டில் 1956-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வெளியிணைப்புப் பொறி வாங்குவதற்கு மீனவர்க்கு உதவித்தொகை வழங்குவதும் அரசே. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு பொறியோடும் படங்களுடன் கூடிய தமிழ்க் கையேட்டை நிறுவனம் தந்தாக வேண்டும் என்று அவ்வாணையில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. புலவர் ஒருவரும், பொறிவினைஞர் ஒருவரும், கடலிற் பட்டறிவு மிக்க பரதவர் இருவரும் ஒரு திங்கள் உடனமர்ந்தால் அந்நூல் உருவாகிவிடும். உப்புநீர் பட்டாலும் ஊறாத தாளில் அச்சிட்டு, அமரத்தில் கட்டித் தொங்கவிட ஒரு துளையும் இட்டுக் கொடுக்கட்டும்.