மணலில் எழுதிய அகரம்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். போதிக்க வந்தவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதற்கு வித்து அந்த மணல்தான். அவர் மதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். அந்தப் பணிவை மறுக்க முடியாது. புதிய ஊருக்குப் போகும் யாருக்கும் இன்றும் அதே பணிவு வேண்டும். 1960-இல் எல்லைக்கோடு மாறி ஆந்திரத்துக்குப் போன சத்தியவேட்டில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பக்கத்துத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டிக்கு ஜப்பானிய நிறுவனங்களும் வந்துவிட்டன. யார் வந்தாலும் முதல் சில வாரங்கள் வாய்க்கு அல்ல, காதுக்கு. கடையில் ‘எவ்வளவுங்க’, ‘எந்தண்டி’ என இரண்டு விதமாகவும் விலை கேட்கத் தெரிந்தவருக்குத்தான் ஊர் பிடிகொடுக்கும்.