வலிக்காத நோயை யார் பார்ப்பது?

வலித்தால் உடம்புச் சூடு, இளநீர் குடி. வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. பெண்ணின் சிறுநீர்ப் பாதை பற்றி நம் வீடுகளுக்குத் தெரிந்த மருத்துவம் இவ்வளவுதான்.

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்குச் சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும்; எரிச்சல், கடுப்பு, காய்ச்சல் எதுவும் இருக்காது. மற்ற நேரங்களில் இதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். கர்ப்பத்தில் முடியாது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர்காய்ச்சல், மருத்துவமனைப் படுக்கை, குறைமாதப் பிரசவ ஆபத்து. பாஸ்டனில் எட்வர்ட் காஸ் 1960 வாக்கிலேயே இதைச் சொல்லிவிட்டார். அக்காலத்து ஆய்வுகளில், சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் சிறுநீரகத் தொற்று வந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனமும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. கிருமி இருந்தால் 7 நாள் ஆன்டிபயாட்டிக்.

நம் ஊரில் ஒவ்வொரு முறையும் சிறுநீர் வாங்குகிறார்கள். உப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கிருமிக்கு, பல இடங்களில், ஒரு கேள்விதான்: "எரிச்சல் இருக்காம்மா?" இல்லை என்கிறாள். உண்மையைத்தான் சொல்கிறாள். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நிறைசூல் பெண் பச்சைப்புளிக்கு ஏங்குவதைக் குறுந்தொகை கண்டது. வகுப்பில் அதை நான் ரசித்து நடத்துகிறேன். அவளுடைய சிறுநீர் மட்டும் இன்னமும் பேசக் கூடாத பொருள்.

பேசினால் பழிதான். என் முதுகலை மாணவி ஒருத்தி, ஏழாம் மாதம், கல்ச்சர் அறிக்கையைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "சுத்தமா இல்லைன்னு அத்தை சொல்வாங்க மேடம்." சுத்தத்துக்கும் இதற்கும் என்ன? பெரும்பாலும் இது நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை. பெண்ணின் சிறுநீர்த் துவாரப் பாதை குட்டையானது. கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது; வளரும் கருப்பை அழுத்துகிறது; நீர் தேங்குகிறது. வம்சம் வேண்டும் என்று கேட்ட வீடு, அந்த வம்சம் வளரும்போது உடம்பில் நடப்பதற்கு அவளைக் குளிக்கச் சொல்கிறது!

ஒவ்வொரு கர்ப்பத்திலும் தொடக்க மாதங்களில் ஒரு கல்ச்சர் கேளுங்கள். அரசிடமும் கேட்போம்: சுத்தமான மூடி போட்ட டப்பா, மாதிரி அன்றே ஆய்வகம் சேர ஏற்பாடு, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்பதை, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தாமல், பக்கத்தில் வந்து சொல்ல ஒரு செவிலியர்.