விளையாட்டில் வரும் காசு யாருக்கு?

போன மாதம் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் தரம் 10. இரவு முழுக்க போனில் ஃப்ரீ ஃபயர். இனிப் படிப்பு வேண்டாம், இதிலேயே சம்பாதிக்கப் போகிறேன் என்கிறானாம். "மெய்யாவே இதுல காசு வருமா சேர்?" என்று கேட்டார்.

வராது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு வருகிறது. கராச்சியில் பிறந்த சுமைல் ஹசன் 2015இல், 16 வயதில், டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டியில் வென்றார். அவருடைய ஐந்து பேர் அணிக்கு 66 இலட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த விளையாட்டுகளுக்குப் பதக்கமும் கொடுத்தார்கள். கொழும்பில் கேமர்.எல்கே நிறுவனம் பாடசாலை அணிகளுக்கே போட்டி நடத்துகிறது. ஆகவே பிள்ளையின் ஆசையைப் பைத்தியம் என்று ஏச வேண்டாம்.

ஆனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது?

அதே டோட்டா போட்டியின் 2021ஆம் ஆண்டுப் பரிசு 4 கோடி டொலர். அதில் பெரும்பகுதி, விளையாடுகிறவர்கள் விளையாட்டுக்குள் வாங்கிய பொருட்களின் விலையிலிருந்து வந்தது. அந்த விற்பனையில் நூற்றுக்கு 25 பரிசுக்கு, 75 கம்பனிக்கு. பிறகு கம்பனி விற்பனை முறையை மாற்றியது. 2023இல் பரிசு சுமார் 30 இலட்சம் டொலராகச் சுருங்கிவிட்டது. கொழுந்தை எடுப்பது ஒருவர், கணக்கை எழுதுவது இன்னொருவர் என்பது நமக்குப் புதிதல்லவே!

கிரிக்கெட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. லயத்து வாசலில் பலகையை வெட்டி மட்டையாக்கியும் ஆடலாம். இந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கம்பனியின் சொத்து. இந்திய அரசு 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அதையே தொழிலாக நம்பியிருந்த இளைஞர்களுக்கு ஒரே நாளில் களம் இல்லாமல் போனது. அடுத்த வருடம் வேறு பெயரில் வந்தது, 2022இல் மறுபடியும் நிறுத்தப்பட்டது. அத்தனைக்கும் ஆட்டக்காரர் கையில் எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

அதிகாரம் வேண்டுமென்றால் ஒன்றுசேர வேண்டும். அதற்கும் உதாரணம் உண்டு. வட அமெரிக்காவில் லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் அணிகள் இரண்டாம்நிலை அணிகளை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2023இல் நீக்கப்பட்டது. பல இளைஞர்களின் வேலை போனது. ஆட்டக்காரர் சங்கம் வாக்கெடுத்து, விளையாட மறுத்தது. போட்டித் தொடர் இரண்டு வாரம் தள்ளிப்போனது, கம்பனி பேச வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் கிடைக்கும்வரை எத்தனை வருடம் கேட்டோம் என்று நமக்கும் தெரியும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான். போனைப் பிடுங்க வேண்டாம், நேரம் குறித்துக் கொடுங்கள். டயமண்ட் வாங்கச் சம்பளக் காசைக் கொடுக்க வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையை அவன் எழுதியே ஆக வேண்டும். ஆடிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் இருபதுகளிலேயே ஓய்ந்துவிடுகிறார்கள். அந்த விளையாட்டைச் செய்பவர்கள், படம் வரைபவர்கள், வீடியோ தொகுப்பவர்கள், போட்டியை வர்ணிப்பவர்கள் நாற்பதிலும் வேலை செய்யலாம். அதற்குக் கணினியும் கணிதமும் ஆங்கிலமும் வேண்டும்.

இங்கேதான் நம் கோரிக்கை வருகிறது. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும் பிள்ளையையும் கொழும்பில் வேகமான இணையத்தில் ஆடும் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்திப் போட்டி என்று சொல்ல முடியாது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இயங்கும் கணினி அறை, கற்பிக்க ஆசிரியர், ஒழுங்கான இணையம். சம்பளத்தோடு இதையும் நம் கிளைக் கூட்டங்களில் பேச வேண்டும்.

இன்னொன்று. அணியில் சேர்க்கிறோம் என்று யாராவது உங்கள் பிள்ளைக்கு ஒப்பந்தக் கடதாசி நீட்டினால், அல்லது சேருவதற்கு முன்பணம் கேட்டால், கையெழுத்து வைக்காமல் கிளைக்குக் கொண்டுவாருங்கள். வாசிக்காமல் ரேகை வைத்த கடதாசிகளுக்கு நம் தாத்தா பாட்டிமார் கொடுத்த விலை போதும்.

— ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர், மீரியபெத்த