சீலா என்று தட்டினால் வருமா?



போன மாதம் இரண்டு நாள் தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். மதினிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. அன்று அவர் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழே கால். கையில் திரேஸ்புரத்தில் வாங்கிய அரை கிலோ சீலா. எட்டரைக்குள் சோறும் குழம்பும் ஆகவேண்டும். பெரியவனுக்கு மறுநாள் பரீட்சை.

"தினமும் அதே குழம்புதானா, இன்னிக்குப் புதுசா ஏதாவது பாப்போம்" என்று போனில் இருந்த ஒரு சமையல் ஆப்பைத் திறந்தார். 'சீலா' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. "வஞ்சிரம்னு போட்டுப் பாருங்க மதினி" என்றேன். வந்தது. முதலில் விளம்பரம். அடுத்து அந்த வறுவலின் பெருமை பற்றி நான்கு பத்தி. அதையும் தாண்டி மசாலா அளவுக்கு வந்தபோது மதினியின் கையெல்லாம் மீன் ஈரம்; போன் திரை அணைந்துவிட்டது. முழங்கையால் தட்டிப் பார்த்தார். அது ரகசிய எண் கேட்டது.

"இதுக்கு எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா இந்நேரம் கொழம்பு கொதிச்சிருக்கும் தம்பி" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. சமையல் ஆப் செய்கிற ஒவ்வொருவரும் இதைத்தானே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்? அம்மாவுக்குப் போன் போட்டால் என்ன நடக்கும்? அம்மா முதலில் செய்முறை சொல்லமாட்டார். கேள்விதான் கேட்பார். என்ன மீன் கிடைத்தது? எவ்வளவு? தேங்காய் இருக்கிறதா? மாப்பிள்ளை வந்துவிட்டாரா, நேரம் இருக்கிறதா? இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப தேங்காய் அரைக்காத, புளியக் கரைச்சு ஊத்தி மாங்காயப் போட்டு எறக்கிரு" என்பார். கையில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்பது அம்மாவின் வழி. நாம் பார்க்கிற ஆப்கள் பெரும்பாலும் உணவின் பெயரில் ஆரம்பித்து, அதற்கான பத்துப் பன்னிரண்டு பொருளைத் தேடி நம்மைக் கடைக்கு அனுப்புகின்றன. மாலை ஏழே காலுக்கு யார் கடைக்குப் போவது?

அம்மாவின் இடத்தில் அச்சுப் புத்தகம் வந்து உட்கார்ந்த கதை நமக்கு உண்டு. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதினார். பிறந்த வீட்டை விட்டுத் தூரத்தில் குடித்தனம் வைத்த எத்தனையோ இளம் பெண்களுக்கு அந்தப் புத்தகம்தான் துணை. கைப்பழக்கமாக மட்டும் இருந்த ஒன்றை அளவோடும் வரிசையோடும் எழுதிவைத்ததுதான் அதன் பலம். ஆனால் அது சைவச் சமையல். கடற்கரைச் சமையலறைகளின் கைப்பக்குவம் அந்த மாதிரி எழுத்துக்கு அவ்வளவாக வரவில்லை. மீன் கூடையும் அம்மியும் அறிந்த அளவுகள் இன்னும் வாய்மொழியாகத்தான் இருக்கின்றன. அதனால்தான் 'சீலா' என்று தட்டினால் போன் விழிக்கிறது.

பெயர் என்பது சின்ன விஷயமா? சென்னையில் வஞ்சிரம் என்பது தூத்துக்குடியில் சீலா. கன்னியாகுமரிப் பக்கம் போனால் நெய்மீன். சென்னைக்காரர் மத்தி என்று கேட்பது தூத்துக்குடியில் சாளை. தூத்துக்குடியில் கணவாய் என்பது சென்னையில் கடம்பா. மீன் மட்டுமில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் காயல்பட்டினம் வந்துவிட்டால் குழம்பே 'ஆணம்' ஆகிவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி என்றால், தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆப் செய்தால் யாருக்கு உதவும்? ஒரு மீனுக்கு நாலு பெயரை உள்ளே எழுதிவைப்பது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. கரையில் போய்க் கேட்டு வருவதுதான் வேலை.

அடுத்து உப்பு. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து அளங்களில். இந்த ஊர் வீடுகளில் ஜாடியில் இருப்பது கல்லுப்பு. ஆப் சொல்வது, '1 டீஸ்பூன் உப்பு'. எந்த உப்பு? கல்லுப்பில் பரலுக்குப் பரல் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் எடை குறைவாக நிற்கும். தூள் உப்பு நெருங்கி அடைந்துகொள்ளும், அதே ஸ்பூனில் எடை கூடும். ஸ்பூன் அளவை நம்பிக் கல்லுப்பைப் போட்டால் குழம்பு சப்பென்று இருக்கும்; கல்லுப்புக்குச் சொன்ன அளவைத் தூளில் போட்டால் வாயில் வைக்க முடியாது. புதிதாகச் சமைக்க வந்த பிள்ளை அதைத் தன் கைத்தப்பு என்று நினைத்துக்கொள்ளும். எழுதியவர் ஒரு வார்த்தை கூடச் சேர்த்திருந்தால் அந்த மனக்கஷ்டம் இல்லை.

நேரக் கணக்கிலும் நேர்மை வேண்டும். 'முப்பது நிமிட மீன் குழம்பு' என்று போடுகிறார்கள். அந்த முப்பதில் மீன் அலசுவது இருக்கிறதா? கால் கிலோ சின்ன வெங்காயம் உரிப்பது? தேங்காய் துருவுவது? அடுப்பு பற்றவைத்த பிறகான நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு மீதியை யார் தலையில் கட்டுகிறோம்? உரித்த வெங்காயம் இருந்தால் இத்தனை, இல்லாவிட்டால் இத்தனை என்று இரண்டு கணக்கும் சொல்லும் ஆப்தான் வேலைக்குப் போகிறவரை மதிக்கிறது. குக்கர் விசிலும் அப்படித்தான். நம் வீடுகளில் பருப்பு வேகிற நேரத்தை நிமிடத்திலா சொல்கிறோம்? 'நாலு விசில்' என்போம். பக்கத்தில் இருக்கிற போனுக்குக் காது இருக்கிறது. விசிலை அது எண்ணட்டுமே.

கை ஈரமாக இருக்கும்போது பேச்சுதான் வழி. "அடுத்து என்ன?" என்று கேட்டால் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். மிக்சி ஓடும் சத்தத்திலும், தூத்துக்குடிப் பேச்சிலும் அது புரியவேண்டும். இது நடக்காத கனவு இல்லை. சென்னை ஐஐடியில் 'ஏஐ4பாரத்' குழுவினர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையைச் செய்துவருகிறார்கள். மத்திய அரசின் 'பாஷினி' திட்டம் 2022-ல் தொடங்கியது. கருவி வந்துகொண்டிருக்கிறது. அதைச் சமையலறை மேடைக்குக் கொண்டுவருகிறவர்தான் வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு துணை ஏற்கெனவே இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறது. எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கிறது. இலங்கை எதிரே இருக்கிற கடலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மன்னார் வளைகுடாக்காரர்களுக்குத் தெரியும். படகில் இருப்பவருக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கியதால்தான் அது பயன்படுகிறது. அந்தப் படகு கொண்டுவரும் மீனைக் குழம்பு வைப்பவருக்கும் அதே அக்கறை வேண்டாமா?

அக்கறை இருந்தால் ஆப்புக்குக் காலண்டரும் தெரிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலை ஏறிவிடும். அந்த நாட்களில் போய் சீலா வறுவல் என்று படம் காட்டினால் வயிற்றெரிச்சல்தான். கருவாட்டுக் குழம்பு, மாசி போட்டு இடித்த சம்பல், முட்டை, முருங்கைக்காய் என்று அந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகிற வழியைச் சொல்லவேண்டும்.

சொல்லியே ஆகவேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. சூரை மலிவாகக் கிடைக்கிற நல்ல மீன். ஆனால் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். நம் பாட்டிமார் செவுளைத் தூக்கிப் பார்த்தும் மீனை அழுத்திப் பார்த்தும் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பில் இந்த வரி எங்கேயோ அடியில் இல்லாமல், சூரை என்று சொன்னவுடன் முதலில் வரட்டும்.

இவ்வளவும் ஒருவருக்காக மட்டும்தானா? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! மதினியின் அலுவலக நேரம் அதற்கு மேலே தனி. ஆகவே மதினியின் வேலையை இன்னும் வேகப்படுத்தும் ஆப் என்று மட்டும் நினைத்தால் நாம் பாதி வழியில் நின்றுவிடுவோம். ஆறு மணிக்கே வீட்டில் இருக்கும் அண்ணனுக்கும், பரீட்சை முடிந்த பெரியவனுக்கும் "இப்போது புளியை ஊறவையுங்கள், நெல்லிக்காய் அளவு போதும்" என்று பொறுமையாகச் சொல்லும் ஆப் வேண்டும். தப்பாகிவிடுமோ என்ற பயத்திலேயே பல ஆண்கள் அடுப்படிக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படி நின்றவன்தான். இரண்டாம் நாள் மாலை மதினி வருவதற்குள் நானும் பெரியவனும் சாளைக் குழம்பு வைத்தோம். மதினியின் அம்மாதான் போனில் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டோம்.

நம் வாசகர்களில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். புராஜெக்டுக்குச் சமையல் ஆப் எடுத்திருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். கல்லூரியில் காட்டுவதற்கு முன், மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டு அடுப்படியில் அதை வைத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே கையைத் துடைக்கிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார், எப்போது போனைத் தள்ளிவைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நீங்கள் வாங்கும் மீன், கீரை, கிழங்கு எதுவானாலும், அதை உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்கிறீர்கள், உப்பும் புளியும் எந்த அளவில் போடுகிறீர்கள் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாத பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம். ஆப் செய்கிற எவரும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கார்டு வந்துவிட்டது. தூத்துக்குடி, சீலா, அரை கிலோவுக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி, கல்லுப்பு ஒரு கைக்குழி. ஓரத்தில் மதினியின் அம்மா பென்சிலால் சேர்த்திருக்கிறார்: "மாங்கா இருந்தா புளி பாதி."

அன்புடன்,
ஆசிரியர்